கோல்ஃப் வண்டியில் ஏ.டி.வி இன்ஜின்... தோப்பு வேலைக்குத் தாங்குமா?

''எங்களுடையது 12 ஏக்கர் தென்னந்தோப்பு. தேங்காய், மட்டை, உர மூட்டை என எதைத் தூக்கவும் ஆள் கிடைப்பதில்லை. ரிசார்ட் ஒன்றில் கழித்துப்போட்ட பேட்டரி கோல்ஃப் வண்டி மலிவாக வருகிறது. பேட்டரி செத்துவிட்டது என்கிறார்கள். இதுபோன்ற வண்டியில் ஏ.டி.வி இன்ஜினைப் பொருத்தி, காடு மேடெல்லாம் ஓட்டுவதை அமெரிக்க வீடியோக்களில் பார்த்தேன். நம் ஊர்ப் பட்டறையில் அப்படிச் செய்துவிட முடியுமா?''

பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த வாசகர் ஒருவரின் கேள்வி இது. நல்ல லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த பட்டறையில் இன்ஜினைப் பொருத்திவிட முடியும். ஆனால், பொருத்திய பிறகு அந்த வண்டி நிற்குமா, சரிவில் கவிழாமல் இறங்குமா, அதில் உங்கள் வீட்டுப் பிள்ளையையோ, வேலைக்கு வருபவரையோ நம்பி உட்கார வைக்கலாமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

இரண்டும் எங்கிருந்து வந்தன?

கோல்ஃப் வண்டிக்குத் தாய்வீடு என்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சொல்லலாம். அங்குள்ள அகஸ்டா நகரில் 1954-ம் ஆண்டு இ-இசட்-கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்னொரு பெரிய நிறுவனமான கிளப் காரும் 1960-களில் அதே ஊருக்கு வந்து சேர்ந்தது. அதே மாநிலத்தில் உள்ள பீச்ட்ரீ சிட்டி என்ற ஊரில், கோல்ஃப் வண்டிகள் போவதற்கென்றே சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிப் பாதைகள் இருக்கின்றன. கடைக்கும் பள்ளிக்கும் அதிலேயே போய் வருகிறார்கள்.

ஏ.டி.வி என்பது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும், பலூன் போன்ற டயர் கொண்ட வண்டி. மோட்டார் சைக்கிள் போலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். 1970-ல் ஹோண்டா நிறுவனம் இதை மூன்று சக்கரத்தில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1980-களில் நான்கு சக்கர வண்டிகள் வந்தன. மூன்று சக்கர ஏ.டி.வி-க்கள் கவிழ்ந்து பலர் அடிபட்டதால், 1988-ல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது.

கோல்ஃப் மைதானங்கள் வண்டிகளைச் சில ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, மொத்தமாக மாற்றிவிடும். அந்தப் பழைய வண்டிகள் விலை குறைவாக வெளியே வரும். இன்னொரு பக்கம், விபத்தில் சட்டம் வளைந்த ஏ.டி.வி-க்களின் இன்ஜின்கள் காயலான் கடையில் கிடைக்கும். வேட்டைக்குப் போகிறவர்களும், பண்ணை வைத்திருப்பவர்களும் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். இப்படிப் பிறந்ததுதான் நீங்கள் வீடியோவில் பார்த்த வண்டி.

மெதுவாகப் போகவே செய்த வண்டி

கோல்ஃப் வண்டியின் வேகம் மணிக்கு 20 முதல் 24 கிலோமீட்டர்தான். புல்தரையில் இரண்டு பேரையும் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு மெதுவாகப் போக வேண்டும். அதற்குத் தகுந்த சட்டம், அதற்குத் தகுந்த பிரேக், அதற்குத் தகுந்த ஸ்டீயரிங்கைத்தான் கம்பெனி கொடுத்திருக்கும். இரண்டு பேர் அமரும் வண்டிகள் பலவற்றில், ஓட்டுபவரையும் சேர்த்து 350 கிலோ அளவுக்குத்தான் சுமை ஏற்றலாம். பெட்ரோல் மாடல்களில்கூட 300 முதல் 400 சி.சி இன்ஜின், 10 குதிரைத்திறன் அளவில்தான் இருக்கும். வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள அதில் கவர்னரும் இருக்கும்.

ஏ.டி.வி இன்ஜின் இதற்கு நேர் எதிர். கவர்னர் கிடையாது. முறுக்கினால் 6,000, 7,000 சுற்று வரை ஏறும். ஏ.டி.வி ஓட்டுபவர் திருப்பத்தில் உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து வண்டியைச் சமாளிப்பார். கோல்ஃப் வண்டியில் பெஞ்சில் உட்காருவதுபோல உட்கார்ந்திருப்பவர் அப்படிச் சாய முடியாது. பெல்ட்டும் கதவும் இல்லாத வண்டியில், திருப்பத்தில் அவர் வெளியே விழத்தான் வாய்ப்பு அதிகம்.

பொருத்த மூன்று வழிகள்

முதல் வழி, இன்ஜினை மட்டும் மாற்றுவது. பெட்ரோல் கோல்ஃப் வண்டியில் இன்ஜினிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு பெல்ட் ஓடும். ஸ்கூட்டரில் இருப்பது போன்ற, விரிந்து சுருங்கும் புல்லிகள் அதில் உண்டு. சில ஏ.டி.வி-க்களில் இன்ஜின் தனியாகவும் கியர் பாக்ஸ் தனியாகவும் இருக்கும். நடுவே இதே போன்ற பெல்ட் ஓடும். அந்த வகை இன்ஜின் என்றால் பழைய ஆக்ஸிலை அப்படியே வைத்துக்கொண்டு, பெல்ட்டை நேர்கோட்டில் அமைத்துவிடலாம். மூன்றில் சேதாரம் குறைந்த வழி இது. ஆனால், உங்களுக்கு வந்திருப்பது பேட்டரி வண்டி. அதன் ஆக்ஸிலில் மோட்டார் நேரடியாகச் சொருகப்பட்டிருக்கும். பெல்ட் புல்லிக்கு அங்கே இடமே கிடையாது. ஆக, இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது வழி, கியர் பாக்ஸும் செயினும் சேர்ந்த இன்ஜினைப் பொருத்துவது. பெரும்பாலான விளையாட்டு வகை ஏ.டி.வி-க்களும், நம் ஊர் பைக் இன்ஜின்களும் இந்த வகைதான். இதற்குக் கோல்ஃப் ஆக்ஸிலைக் கழற்றிப்போட்டுவிட்டு, நடுவில் செயின் பல்சக்கரம் வைத்த ஒரே தண்டு ஆக்ஸிலைப் போட வேண்டும்.

மூன்றாவது வழி, ஏ.டி.வி-யின் பின்பாதியை இன்ஜின், ஆக்ஸில், பிரேக்கோடு அப்படியே வெட்டி எடுத்து, கோல்ஃப் வண்டியின் முன்பாதியோடு ஒட்டவைப்பது. நீங்கள் பார்த்த வீடியோக்களில் வேகமாகப் பறக்கும் வண்டிகள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வகையாகவே இருக்கும்.

ஆக்ஸிலோடு பிரேக்கும் போய்விடும்

பட்டறையில் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சாதாரண கோல்ஃப் வண்டிக்கு முன்சக்கரத்தில் பிரேக் கிடையாது. இருப்பது பின்சக்கரத்தில் உள்ள டிரம் பிரேக் மட்டும்தான். அதுவும் கேபிள் இழுத்துப் பிடிக்கும் வகை. அந்த டிரம், பின் ஆக்ஸிலின் ஒரு பகுதி. ஆக்ஸிலைக் கழற்றினால், வண்டியில் இருந்த ஒரே பிரேக்கையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறீர்கள். கை பிரேக்கும் அதோடு போய்விடும்.

வேகம் இரண்டு மடங்கானால், நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். சுமாரான பிரேக் உள்ள வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டரில் நிற்கும். அதே பிரேக்கோடு 40-ல் போனால் 20 மீட்டர் ஆகும். 60-ல் போனால் 46 மீட்டர். தென்னை வரிசையில் மரத்துக்கு மரம் இடைவெளி 25 அடி, அதாவது 7.5 மீட்டர். 40-ல் வரும் வண்டி நிற்பதற்குள் இரண்டு மரங்களைத் தாண்டிவிடும். குறுக்கே ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் இதே கணக்குதான். பாரம் ஏற்றிச் சரிவில் இறங்கும்போது இந்தத் தூரம் இன்னும் கூடும்.

அடுத்தது திருப்பம். கோல்ஃப் ஆக்ஸிலுக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதனால், திரும்பும்போது உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்றும். ஒரே தண்டாக இருக்கும் செயின் ஆக்ஸிலில் அது கிடையாது. வழுக்கும் மண்ணில் சமாளித்துவிடும். இறுகிய தரையில் பாரத்தோடு திருப்பினால், ஸ்டீயரிங்குக்கு அடங்காமல் நேராகவே இழுத்துக்கொண்டு போகும்.

சீட்டுக்கு அடியில் அடுப்பு

கோல்ஃப் வண்டியின் பெட்ரோல் இன்ஜின் சீட்டுக்கு அடியில் அடைந்து கிடக்கும். அதனால், கம்பெனியே விசிறியும் தகரக் கூடும் வைத்து, காற்றை இன்ஜின்மீது அடிக்கவைத்திருக்கும். ஏ.டி.வி-யிலும் பைக்கிலும் உள்ள ஏர் கூல்டு இன்ஜின்கள் எதிர்க்காற்றை நம்பியவை. அதைக் கொண்டுவந்து சீட்டுக்கு அடியில் வைத்து, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சுமை இழுக்கவைத்தால், காற்றே படாது. சித்திரை வெயிலில் அரைமணி நேரம் ஓட்டினால் ஆயில் தண்ணீராக இளகி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியம் தீ. பேட்டரி வண்டியில் பெட்ரோல் டேங்குக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். சைலன்சர், டேங்க், ஒயர் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திணித்து, அதன்மேல்தான் நாம் உட்கார வேண்டியிருக்கும். தோப்புக்குள் காய்ந்த மட்டையும் பன்னாடையும் சைலன்சரில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தோப்புக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வண்டி 300 கிலோ. ஓட்டுபவரும் சுமையும் சேர்த்து இன்னொரு 300 கிலோ. மொத்தம் 600 கிலோ. 10 அடிக்கு 1 அடி உயரும் மேட்டில் ஏறுவதற்கு 60 கிலோ இழுவிசை வேண்டும். பொலபொலப்பான மண்ணில் சக்கரம் உருள இன்னொரு 48 கிலோ. ஆகமொத்தம் 108 கிலோ. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால், நொடிக்கு 2.78 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 300. ஒரு குதிரைத்திறன் என்பது 75. எனவே, சக்கரத்துக்குத் தேவை 4 குதிரைத்திறன். பெல்ட்டிலும் கியரிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் ஐந்தரை தாண்டாது.

சமதளத்தில் இதில் பாதிகூடத் தேவைப்படாது. கோல்ஃப் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சக்தியே தோப்பு வேலைக்குப் போதும். சுமை இழுக்கத் தேவை குறைந்த வேகக் கியர். பெரிய இன்ஜின் கூடுதலாகத் தருவது வேகத்தை மட்டும்தான். தோப்பில் அந்த வேகத்தால் பயன் ஒன்றும் இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

உங்களுக்கு வந்திருக்கும் வண்டியில் செத்தது பேட்டரி மட்டும்தான் என்றால், பேட்டரியை மாற்றுவதே முதல் வழி. கோல்ஃப் வண்டிகள் 36 வோல்ட் அல்லது 48 வோல்ட்டில் ஓடும். கன்ட்ரோலர்மீது ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். 48 வோல்ட் வண்டி என்றால் உங்களுக்கு நல்ல காலம். நம் நாட்டில் ஓடும் இ-ரிக்‌ஷாக்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் பேட்டரி நான்கைச் சேர்த்து, 48 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அந்தப் பேட்டரியும் சார்ஜரும் வெளியில் கிடைக்கும். பேட்டரிப் பெட்டியின் நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போட வேண்டும். பழையதோடு புதியதைக் கலந்தால், பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

48 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 7.2 யூனிட் மின்சாரம் சேரும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது. அந்த 3.6 யூனிட்டில், சராசரியாக 1.5 கிலோவாட் இழுத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சக்கரம் சுற்றும். ஏற்றி இறக்கும் நேரத்தில் மின்சாரம் செலவாகாது என்பதால், அரைநாள் வேலைக்கு இது தாராளம்.

மோட்டாரும் கன்ட்ரோலரும்கூடப் போய்விட்டன என்றால், மோட்டார், டிஃபரன்ஷியல், டிரம் பிரேக் மூன்றும் சேர்ந்த இ-ரிக்‌ஷா பின் ஆக்ஸிலை முழுதாகப் பொருத்துவதைப் பற்றிப் பட்டறையில் பேசலாம். சுமையைக் குறைத்து, மேடு இல்லாத நிலத்தில் ஓட்டுவதற்கு இது ஏற்றது.

பெட்ரோல்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், பெட்ரோல் கோல்ஃப் வண்டியாகவே தேடுங்கள். அதில் இன்ஜின் போயிருந்தால், கவர்னரும் விசிறிக் குளிர்ச்சியும் உள்ள 10 முதல் 13 குதிரைத்திறன் கொண்ட, ஜெனரேட்டர், பம்ப்செட்டுகளில் வரும் வகை இன்ஜினைப் பொருத்தலாம். பழைய பெல்ட், பழைய ஆக்ஸில், பழைய பிரேக் எல்லாம் அப்படியே இருக்கும். வேகமும் பழைய வேகமாகவே இருக்கும்.

நம் ஊரில் ஏ.டி.வி இன்ஜின் கிடைப்பது அரிது. 'ஆட்டோ இன்ஜினைப் போட்டால் என்ன?' என்று பட்டறையில் கேட்பார்கள். பைக் இன்ஜினைவிட அது மேல்தான். பின்னால் இன்ஜின் வைத்த ஆட்டோக்களில் ரிவர்ஸ் கியர், டிஃபரன்ஷியல், விசிறிக் குளிர்ச்சி மூன்றும் உண்டு. ஆனால், இன்ஜினை மட்டும் எடுக்காமல் சக்கரம், பிரேக் டிரம், பிரேக் பைப் எல்லாவற்றோடும் சேர்த்து எடுக்க வேண்டும். கோல்ஃப் வண்டியின் சட்டம் அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். சில நிறுவன வண்டிகளின் சட்டம் அலுமினியத்தால் ஆனது. சாதாரண வெல்டிங் ராடு வைத்து அதில் பற்றவைக்க முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டவில்லை என்றால் அலுமினியம்.

இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு என்று தோன்றினால், டிரெய்லரோடு கூடிய பவர் டில்லரையும் யோசித்துப் பாருங்கள். சுமையும் இழுக்கும், உழவும் ஓட்டும். வேளாண் பொறியியல் துறை மூலம் பவர் டில்லருக்கு மானியம் கிடைக்கிறது. இந்த ஆண்டு உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்பதை அந்தத் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சாலையில் ஏறினால் சட்டம் வேறு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கென அமைத்த தனிவகை வண்டிகளை 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் வேலிக்குள் ஓடும்வரை தொல்லை குறைவு. தோப்பின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஊராட்சிச் சாலை போனால், அதைக் குறுக்கே கடப்பதுகூடப் பொது இடத்தில் ஓட்டுவதுதான். பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அப்போது தேவைப்படும். பட்டறையில் கட்டிய வண்டிக்கு இவை கிடைக்காது.

வட மாநிலங்களில் பம்ப்செட் டீசல் இன்ஜினை வைத்துக் கட்டும் 'ஜுகாட்' வண்டிகள் உண்டு. அவையும் மோட்டார் வாகனங்களே, சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்த வண்டியை அனுமதியின்றி மாற்றினால், 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அதைவிடப் பெரியது இழப்பீடு. காப்பீடு இல்லாத வண்டியில் ஒருவர் அடிபட்டால், அந்தத் தொகை நிலத்தை விற்றுக் கொடுக்கும் நிலைக்கும் கொண்டுபோய்விடும்.

பட்டறைக்குப் போகும் முன்...

* வண்டியைச் சமதளத்தில் தள்ளிப் பாருங்கள். ஒரு ஆள் தள்ளி உருளவில்லை என்றால், பிரேக்கோ பேரிங்கோ பிடித்திருக்கிறது.
* பேட்டரி இருந்த தட்டின் அடியில் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். ஆசிட் பட்டு இரும்பு அரித்திருந்தால், வண்டியே வேண்டாம்.
* இன்ஜின் வாங்குவதாக இருந்தால் பில்லோடு வாங்குங்கள். இன்ஜின் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள்.
* எந்த வேலை செய்தாலும் பிரேக் வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். முழுச் சுமையோடு சரிவில் நிறுத்தி, கை பிரேக் மட்டும் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

''பெரிய டயர் போட்டால் சேற்றில் சிக்காமல் போகுமா?''

ஓரளவு போகும். ஆனால், சக்கரம் பெரிதாகும்போது இழுவிசை குறையும். 18 அங்குல டயருக்குப் பதிலாக 22 அங்குலம் போட்டால், ஐந்தில் ஒரு பங்கு இழுவிசை போய்விடும். பிரேக்கும் அதே அளவுக்கு வலு குறையும். வண்டியின் உயரம் கூடுவதால் கவிழும் வாய்ப்பும் அதிகரிக்கும். அதே உயரத்தில், பட்டை ஆழமாக உள்ள டயரைப் போடுவது நல்லது.

''சுமையை வண்டிமேல் ஏற்றாமல், பின்னால் சின்ன டிரெய்லர் கட்டி இழுக்கலாமா?''

சமதளத்தில் இழுக்கலாம். சரிவில் வேண்டாம். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாததால், இறக்கத்தில் அது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி மடக்கிவிடும்.

''கவர்னரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்கிறாரே மெக்கானிக்?''

கூடும். இன்ஜின் சுமார் 3,200 சுற்றுக்கு ஓடிக்கொண்டிருந்ததை 6,000-க்கு மேல் ஓட்டினால், 24 கிலோமீட்டர் வண்டி 45-ஐத் தாண்டும். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக்தான். கவர்னர்மீது கை வைக்க விடாதீர்கள்.